பட்டாவில் ஒன்று, வயலில் ஒன்று: திருநர் பற்றி ஒரு தொடக்கப் பாடம்

கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்ப வேலையுமாக என் பிழைப்பு ஓடுகிறது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு மதியம், புடவை கட்டி, தலையில் முல்லைச்சரம் வைத்த ஒருவர் வந்தார். ஆதார் நகலைக் கொடுத்து ஒரு விண்ணப்பம் போடச் சொன்னார். நான் நகலைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை. பெயருக்கு முன்னால் 'திரு' என்று அடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த இடத்துல கையெழுத்துப் போடுங்க சார்" என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டார், காசை மேசையில் வைத்தார், போய்விட்டார். அதன்பிறகு என் கடைக்கு அவர் வரவே இல்லை.

அன்று சாயங்காலம் பக்கத்து டீக்கடையில் இதைச் சொன்னேன். ஆளுக்கொரு பதில் வந்தது. "ஆபரேஷன் பண்ணியிருந்தாதான் பொம்பளைன்னு கணக்கு." "பொட்டப் பிள்ளைங்களோட விட்டு வளர்த்தா இப்படித்தான் ஆகும்." "அதெல்லாம் மெட்ராஸ் போய்க் கத்துக்கிட்டு வர்றது." சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. உடம்பு, மனசு, காதல், காகிதம், பிழைப்பு என்று ஐந்து தனித்தனி சங்கதிகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அந்த மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம்.

பட்டாவும் வயலும்

நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பட்டா, சிட்டாவில் 'நஞ்சை' என்றிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் இருபது வருடமாகத் தென்னந்தோப்பு. பதிவு எழுதியவர் பொய் சொல்லவில்லை. எழுதிய நாளில் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார். தோப்பும் பொய்யில்லை. பதிவும் நிலமும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் விஷயம்.

குழந்தை பிறந்ததும் செவிலியர் ஒரு நொடி பார்த்துவிட்டு ஆண் அல்லது பெண் என்று சொல்கிறார். பிறப்புச் சான்றில் அது ஏறுகிறது. அப்படி உடலின் அடையாளங்களை வைத்துச் சொல்வது பால். வளர வளர ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ இரண்டிலும் அடங்காதவராகவோ உள்ளுக்குள் உணர்ந்து அறிகிறாரே, அது பாலின அடையாளம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், இப்படி இரண்டு இருப்பதே தெரியாது. பட்டா சரியாக இருப்பவன் தாலுகா ஆபீஸ் பக்கம் போக மாட்டான் இல்லையா, அது போல.

இரண்டும் ஒத்துப்போகாதவர்கள் திருநர். ஆண் என்று பதியப்பட்டு, பெண்ணாகத் தன்னை அறிபவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டு, ஆணாகத் தன்னை அறிபவர் திருநம்பி.

இந்த உவமைக்கு ஓர் எல்லை உண்டு. நிலத்தில் தகராறு என்றால் சர்வேயர் வந்து அளந்து சொல்லிவிடுவார். பாலின அடையாளத்தை அளக்க வெளியிலிருந்து பிடிக்கும் சங்கிலி கிடையாது. அவரவர் சொல்வதுதான் அளவு. உச்ச நீதிமன்றமே 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் இதைச் சொல்லிவிட்டது: ஆண், பெண், மூன்றாம் பாலினம் இவற்றில் தான் எது என்று முடிவு செய்யும் உரிமை அந்த நபருக்கே உரியது. எல்லாத் திருநங்கையும் 'மூன்றாம் பாலினம்' என்றுதான் எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தீர்ப்பில் அப்படி இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிறக்கும்போதே உடல் ஆண், பெண் என்ற வழக்கமான இரண்டு அமைப்பிலும் சரியாக அடங்காமல் இருப்பவர்கள் இடைப்பாலினர். இது உடல் சம்பந்தப்பட்டது. திருநர் என்பது அடையாளம் சம்பந்தப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டத்து ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனை நினைவிருக்கும். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார், பாலினப் பரிசோதனைக்குப் பிறகு அதைப் பறித்துக்கொண்டார்கள். அவர் பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். அவரைத் திருநங்கை என்று அன்று எழுதியவர்களுக்கும் பேசியவர்களுக்கும் இந்த வித்தியாசம் தெரியவில்லை.

இதுவரை பார்த்தது: பால் என்பது பதிவேட்டில் ஏறியது. பாலின அடையாளம் என்பது ஆள் தன்னை அறிவது. இரண்டும் பிசகும் இடத்தில் இருப்பவர்கள் திருநர்.

யாரைப் பிடிக்கும் என்பது வேறு கேள்வி

நான் யார் என்பது ஒன்று, எனக்கு யார் மேல் ஆசை என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பெயர் பாலீர்ப்பு. திருநங்கை ஆணை விரும்பலாம், பெண்ணை விரும்பலாம், யாரையும் விரும்பாமலும் இருக்கலாம், நம் எல்லாரையும் போலத்தான். ஆணை விரும்பும் ஆண் திருநங்கை ஆகிவிடமாட்டார், அவர் ஆண்தான். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தளர்த்தியபோது, "திருநங்கைங்களுக்குச் சட்டம் வந்திருச்சு" என்று எங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பிரிவைக் காட்டிப் போலீஸ் திருநங்கைகளை மிரட்டியது உண்மைதான், ஆனால் வழக்கு நடந்தது பாலீர்ப்பு பற்றி.

ஆபரேஷன் செய்தால்தானா?

முதலில் மருந்து. ஹார்மோன் என்பது உடலே சுரந்து, ரத்தத்தில் அனுப்பி, வளர்ச்சிக்கு உத்தரவு போடும் பொருள். திருநங்கைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் மார்பு வளரும், தோல் மென்மையாகும். திருநம்பிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் தாடி வரும், குரல் கட்டையாகும்.

குரல் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் கேலி தொடங்குவது அங்கேதான். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் குரல் நாண்களைத் தடிக்கச் செய்கிறது. ஒரு தடவை தடித்தது தடித்ததுதான். பின்னால் எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலும் பழையபடி மெலியாது. அதனால்தான் திருநங்கையின் குரல் பல நேரம் கனமாகவே இருக்கிறது, திருநம்பியின் குரல் சில மாதங்களிலேயே மாறிவிடுகிறது. 'நடிக்கிறாங்க, குரல் காட்டிக் கொடுத்துருச்சு' என்று சிரிப்பவர்கள் குரல் நாணின் கனத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அறுவை சிகிச்சை அடுத்தது. சென்னையில் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகச் செய்கிறார்கள். திருநங்கைகள் தங்களுக்குள் இதை நிர்வாணம் என்பார்கள். மருத்துவமனை கதவு திறக்காத காலத்தில் அவர்களுக்குள்ளேயே மூத்தவர் ஒருவர் கையால் நடந்த, உயிருக்கே ஆபத்தான காரியம் அது. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி, பாலூற்றி, புதுப் பெண்ணுக்குச் செய்வது போல ஒரு சடங்கும் உண்டு.

ஆனால் எல்லாரும் இதைச் செய்துகொள்வதில்லை. பணம் இல்லாமல், உடல் தாங்காமல், அல்லது தேவை என்று தோன்றாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அடையாளத்தை ஏற்பதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்பதும் அதே 2014 தீர்ப்பில் இருக்கிறது. தோப்பைத் தோப்பு என்று ஒத்துக்கொள்ள வேலி போட்டிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே.

'வியாதியா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் மனநோய்கள் பிரிவிலிருந்தே இதை எடுத்துவிட்டது.

வினைமுற்று செய்கிற வேலை

ஆங்கிலத்தில் he, she என்ற பிரதிப்பெயரை மாற்றினால் போதும். நமக்கு வினைச்சொல்லின் வாலிலேயே பால் இருக்கிறது. வந்தான், வந்தாள். ஒருவர் வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தாலே நீதிபதியாகிவிடுகிறோம். நல்லவேளையாக 'வந்தார்' என்று ஒன்று வைத்திருக்கிறோம். தெரியாத இடத்தில் அதைச் சொல்லிவிட்டு, பிறகு அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

நம் இலக்கணக்காரர்கள் இதைப் பற்றி யோசித்துதான் இருக்கிறார்கள். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவரைப் பெண்பாலாகவும், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிறவரை ஆண்பாலாகவும் சொல்லச் சொல்கிறது நன்னூல். உடம்பைப் பார் என்று சொல்லவில்லை, அவாவைப் பார் என்கிறது. கிட்டத்தட்ட 800 வருடத்துக்கு முந்தைய பேச்சு இது. ஆனால் அதே நூற்பா, இவர்களுக்கு அஃறிணை முடிபும் வரலாம் என்று இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. தெருவில் 'அது வருது பாரு' என்று சொல்கிறவர்கள் அந்த இரண்டாவது கதவு வழியாகத்தான் இன்னும் போய்வருகிறார்கள். சிலப்பதிகாரத்தில், நம் பூம்புகாரில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் பேடி ஆடலும், அதாவது ஆண்மை திரிந்த பெண் கோலத்தில் ஆடுவதும், ஒன்று. ஆக, மெட்ராஸ் போய்க் கத்துக்கிட்டு வந்த பழக்கம் இல்லை இது.

பெயர்களுக்கும் ஒரு பயணம் உண்டு. அலி, பேடி என்பவை வசவாகிப்போயின. எட்டுக்கு அடுத்த எண்ணும் அப்படியே. நான் படித்தபோது வாய்ப்பாடு சொல்கையில் அந்த எண் வந்தால் வகுப்பே ஒரு பையனைத் திரும்பிப் பார்க்கும். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் வழக்கத்தை வைத்து 'அரவாணி' வந்தது. மரியாதையான சொல்தான், ஆனால் ஒரு நாள் மனைவி, அப்புறம் விதவை என்ற கதைக்குள் ஒருவரை வாழ்நாள் முழுக்க உட்காரவைக்கிறது. திருக்குவளைக்காரரான கருணாநிதியின் ஆட்சியில் 'திருநங்கை' அரசுச் சொல்லாக நிலைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி 2022-ல் தமிழ்நாடு அரசு இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது.

ஏன் ரயில் ஏறுகிறார்கள்?

கட்டுரையில் எனக்கு முக்கியமான இடம் இது. 'அவங்க இயல்பே அப்படி, கூட்டமாத்தான் இருப்பாங்க, கடையில காசு கேப்பாங்க' என்று சொல்கிறோம். இயல்பு என்று நாம் சொல்வதில் பாதி, கதவு சாத்தப்பட்டதன் விளைவு.

ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கழிப்பறைக்குப் போகப் பயம், அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டில் அண்ணன் அடிக்கிறான். ஊரில் எல்லாரும் பங்காளி, எல்லாரும் மாமன் மச்சான். கண்கள் இல்லாத தெரு கிடையாது. கும்பகோணத்துப் பிள்ளைக்குத் திருச்சி போதாது. சத்திரம் பேருந்து நிலையத்தில் என்றைக்காவது ஒரு சித்தப்பா இறங்குவார். ஆகவே ஒரு பையோடு உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ ஏறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்குவது. பெருநகரம் முதலில் தருவது சுதந்திரம்கூட இல்லை, யாருக்கும் நம்மைத் தெரியாது என்ற நிம்மதி.

அங்கே வாடகைக்கு வீடு கிடைக்காது. வேலைக்குப் போனால் சான்றிதழில் வேறு பெயர். அந்த இடத்தில் கை கொடுப்பது ஜமாத். திருநங்கைகள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட குடும்ப முறை அது. மூத்தவர் குரு, அவரை ஏற்று வருபவர் சேலா. குரு அம்மா ஆகிறார், அவருடைய குரு பாட்டி ஆகிறார். அக்கா தங்கை உறவு உண்டு, வீட்டு விதிகள் உண்டு, தப்பு செய்தால் பஞ்சாயத்தும் அபராதமும் உண்டு. உடம்புக்கு முடியாமல் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கவும், செத்தால் எடுத்துப்போடவும் ஆள் உண்டு. பதிலுக்குச் சேலா சம்பாதித்ததில் குருவுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். எல்லாக் குடும்பத்தையும் போல இதிலும் அன்பும் உண்டு, அதிகாரமும் உண்டு. இதை மட்டமாகவோ தெய்வீகமாகவோ பேச வேண்டியதில்லை.

வேறு யாரும் வேலை கொடுக்காதபோது மிஞ்சும் தொழில்கள் இரண்டு: 'கடை கேட்பது', அதாவது கடைகடையாகப் போய்க் காசு வாங்குவது, இல்லாவிட்டால் பாலியல் தொழில். சமையல், நாட்டுப்புற ஆட்டம் என்று சிலர் வேறு வழி கண்டார்கள். போலீஸ் வேலைக்கு வழக்குப் போட்டு வென்ற பிரித்திகா யாஷினி மாதிரி சிலர் வழியையே வெட்டினார்கள். எதிர்த்திசையில் வந்தவரும் உண்டு. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சை நால்வர் என்ற நடன ஆசிரியர்களின் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையைத் தேடித் தஞ்சாவூருக்கு வந்து, அவரிடம் ஆண்டுக்கணக்கில் பரதம் கற்றார். 2019-ல் பத்மஸ்ரீ. திருநங்கைகளில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

திருநம்பிகள் ஏன் கண்ணில் படுவதில்லை? ஊரில் பெண் என்று பதியப்பட்ட பிள்ளை தனியாக ரயில் ஏற முடியாது. வாசலைத் தாண்டினால் ஆள் போட்டுத் தேடுவார்கள், கிடைத்ததும் அவசரமாகக் கல்யாணம். ஜமாத் போன்ற பழைய கூடாரமும் அவர்களுக்கு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மற்றவர்' என்ற கட்டத்தில் தமிழ்நாட்டில் 22,364 பேர் பதிவானார்கள். வாசலில் நின்று பதில் சொன்னது பெரும்பாலும் குடும்பத் தலைவர். அவர் எதைச் சொல்லியிருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பட்டா, வயல் கதைதான்.

சுருக்கமாக: நகரத்துக்குப் போவதால் ஒருவர் திருநங்கை ஆவதில்லை. திருநங்கையாக ஊரில் இருக்க முடியாததால் நகரத்துக்குப் போகிறார். ஜமாத்தும் கடை கேட்பதும் அதற்குப் பிறகு வருபவை.

காகிதம்

இது என் தொழில், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். 2008-ல் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 2019-ல் நாடாளுமன்றம் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் வகுத்த வழி இது: மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்தால் 'திருநர்' என்று அடையாளச் சான்று. ஆண் அல்லது பெண் என்றே சான்று வேண்டுமானால் அறுவை சிகிச்சை செய்ததற்கு மருத்துவமனைக் கடிதம். 2014 தீர்ப்பு வேண்டாம் என்றதைச் சட்டம் திரும்பக் கேட்டது என்பதுதான் போராட்டக்காரர்களின் முதல் கோபம். இரண்டாவது கோபம் தண்டனை பற்றி. திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு 2019-ல் அந்தச் சட்டம் வைத்தது 6 மாதம் முதல் 2 வருடம் வரைதான். விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் படிவத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் அதிகம் கேட்கும் ஒரு பொய்யையும் உடைத்துவிடுகிறேன். 'பொம்பளையா மாறிட்டா பூர்வீகச் சொத்துல பங்கு போயிடும்' என்று மிரட்டுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989-லேயே தமிழ்நாடும், 2005-ல் நாடு முழுவதும், மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தாயிற்று. மகன் என்று எழுதினாலும் மகள் என்று எழுதினாலும் பங்கின் மா, குழி அளவு மாறாது. வாரிசுச் சான்றில் பெயரே இல்லாமல் விடுவதுதான் உண்மையான ஆபத்து. அதை விட்டுவிடாதீர்கள்.

கல்யாணத்துக்கும் காகிதம் உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பின் தொடர்ச்சியாகத்தான் இடைப்பால் குழந்தைகளுக்கு உயிராபத்து இல்லாதபோது 'சரிசெய்யும்' அறுவை சிகிச்சை செய்வதைத் தமிழ்நாடு தடை செய்தது.

கடைமடைக் கணக்கு

இப்போது சென்னையில் நடக்கும் போராட்டங்களில் கிடைமட்ட இடஒதுக்கீடு என்ற சொல் அடிக்கடி வரும். பயமுறுத்தும் சொல், ஆனால் கல்லணையைப் பார்த்தவர்களுக்குச் சுலபம்.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அது போலத் தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்று தனித்தனி ஆறுகளாகப் போகிறது. தமிழ்நாடு செய்தது, திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற ஓர் ஆற்றில் சேர்த்தது. அங்கே ஏற்கெனவே ஏகப்பட்ட மதகுகள். பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கைக்குச் சிக்கல் இன்னும் பெரிது. சாதிப் பெயரில் கேட்டால் திருநங்கை என்பது கணக்கில் வராது, திருநங்கை என்று கேட்டால் சாதி கணக்கில் வராது. இரண்டு சுமையையும் ஒரே தலைதான் சுமக்கிறது. கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

தனி ஆறு வேண்டாம், ஒவ்வொரு ஆற்றிலும் எங்களுக்கென்று முறைப் பங்கு வையுங்கள் என்பது அவர்கள் கேட்பது. அதற்குப் பெயர்தான் கிடைமட்டம்.

இதை டீக்கடையில் சொன்னபோது, அன்றைக்கு 'மெட்ராஸ் போய்க் கத்துக்கிட்டு வர்றது' என்று சொன்ன பெரியவர்தான் முதலில் பிடித்துக்கொண்டார். அவருக்கு நிலம் வேதாரண்யம் பக்கம், கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் தன் வயலுக்கு வந்து சேரும் நாளை எண்ணியே தலை நரைத்தவர்.

"மேல உள்ளவன் மதகை அடைச்சிக்கிட்டா கீழ உள்ளவனுக்கு ஏது தண்ணி? எல்லா ஆத்துலயும் கடைமடை இருக்குதுல்ல. முறை வச்சாதான் வரும்" என்றார். அப்புறம் கேட்டார்: "எங்கயாவது வச்சிருக்கானா?"

"கர்நாடகாவுல வச்சாங்க, 2021-ல. அரசு வேலையில நூத்துக்கு ஒண்ணு" என்றேன்.

"கர்நாடகாக்காரனா?" என்று டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.